புளி போட்டுத் தேய்த்த பதக்கங்கள்

என் கையெழுத்தைப் படிக்கப் போகிறவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மூட்டைகளின் மேல் செம்பு, பித்தளை, ஈயம் என்று கரித்துண்டால் எழுதியதுதான். எந்த ர, எந்த ன என்று சந்தேகம் வந்த இடங்களில் கைக்கு வந்ததை எழுதியிருக்கிறேன். நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மலாக்கா ஆற்றோரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் எனக்கு வேலை. முதலாளி சீனர்; தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். மூட்டை மூட்டையாக வரும் உடைந்த சாமான்களைக் கொட்டி, எது என்ன உலோகம் என்று தட்டியும் சுரண்டியும் பார்த்துப் பிரித்துப் போடுவேன். பேசத் தேவையில்லாத வேலை. எனக்கு அது வசதியாக இருந்தது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஜப்பான்காரன் போன பிறகு வந்த வருடங்களில் மூட்டைகளில் பட்டாளத்துச் சாமான்கள் நிறைய வந்தன. பித்தான், பெல்ட் கொக்கி, தகரத் தட்டு. அப்படி ஒரு நாள் குழாய்த் துண்டுகளுக்கு நடுவே கறுத்துப்போன வட்டமான வெள்ளி ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் வெள்ளைக்கார ராஜாவின் தலை. காசு என்று நினைத்துத் திருப்பினேன். காசின் ஓரத்தில் கோடுதான் இருக்கும். இதன் ஓரத்தில் எழுத்து இருந்தது. தவுக்கே அதை எடைக்கு எனக்கே கொடுத்துவிட்டார்.

எங்கள் தெருமுனையில், தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் இருந்தார். அவரிடம் காட்டினேன். ஓரத்தில் இருந்தது ஒரு சிப்பாயின் நம்பர், பெயர், அவர் இருந்த படை என்று படித்துச் சொன்னார். அன்று இரவு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் நெஞ்சில் மாட்டியிருந்தது எப்படி உடைந்த குழாயோடு வந்து சேர்ந்தது?

அன்றிலிருந்து சேர்க்க ஆரம்பித்தேன். இங்கிலீஷ் பெரிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பெயரைத் தேடிப் போவேன். கையில் பதக்கம் இருந்தால் என்னால் அந்நியர் வீட்டு வாசலில் நின்று கேட்க முடிந்தது. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் நெருப்புப் பெட்டிகூடக் கேட்கமாட்டேன்.

ஒன்று, முதல் உலகச் சண்டையில் பாலைவனத்தில் இருந்த பஞ்சாபிக்காரருடையது. பிற்காலத்தில் அவர் இங்கே ஒரு அடகுக் கடைக்குக் காவல் இருந்து, அந்தக் கடை வாசலில் கயிற்றுக் கட்டிலிலேயே போய்விட்டார். இன்னொன்று தொண்டர் படையில் வெகுகாலம் இருந்த ஒரு மலாய்க்காரருடையது. ஜப்பான்காரன் ஊருக்குள் வந்த வாரம் அவர் மனைவி அதைக் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்துவிட்டாள். அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; திரும்பவில்லை. புக்கிட் பாருவில் இருக்கும் அவருடைய அக்கா மகளைக் கண்டுபிடித்து, திருப்பிக் கொடுக்க நீட்டினேன். அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டு, நீயே வைத்துக்கொள் என்றார். அந்தப் பதக்கத்தின் எழுத்துக் குழிகளில் செம்மண் ஒட்டியிருந்தது. அதை நான் தட்டவில்லை. கறுப்பையும் தேய்க்கவில்லை. அதெல்லாம் அவர்கள் பட்டது என்று எனக்குத் தோன்றும்.

மெஷின் போன ஒரு தையல் மேசை கடைக்கு வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, இழுப்பறைகளில் துணி விரித்து எல்லாவற்றையும் வைத்தேன். ஒவ்வொன்றின் கதையும் எனக்கு மனப்பாடம். கேட்க ஆள்தான் இல்லை.

காஜா பெராங்கில் நான் குடியிருப்பது நான்கு வீடுகள் கொண்ட வரிசை. வீட்டுக்காரம்மா தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் மலாக்காச் செட்டி குடும்பத்துப் பெண்மணி; பேச்சு மலாய்தான். பக்கத்து வீட்டில் நாற்பதைத் தொட்ட ஒரு பெண் தனியாக இருந்தாள். அவள் கணவரைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோனான். அவர் இறந்ததாகச் சொன்னார்கள். எந்த இடம், எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. வடை சுட்டுக் காப்பிக் கடைகளுக்குக் கொடுத்து அவள் பிழைத்து வந்தாள்.

சில நாள் காலையில் என் ஜன்னலில் ஒரு தட்டில் வடை இருக்கும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பதால், கடையில் கிடைத்த நல்ல பித்தளைக் கரண்டியை நிமிர்த்தி, அதில் வைத்துக் கொடுப்பேன். அடுத்த முறை ஒரு சொம்பு. அப்புறம் ஒரு விளக்கு. அவள் எல்லாவற்றையும் தேய்த்து அடுக்கி வைத்தாள். வீட்டுக்காரம்மா ஒரு நாள் குழாயடியில் நின்று மலாயில் கேட்டார்: "என் வீட்டுக்கு வாடகை கொடுக்கிற ரெண்டு பேர்ல யாருக்குக் கல்யாணம்? பாத்திரம் எல்லாம் இங்கேயே வந்து சேருதே!" அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் நிறைந்த வாளியைக் கவனிக்காமல் தண்ணீரை வழியவிட்டுக்கொண்டு நின்றேன்.

மலாயா சுதந்திரத்துக்கு முந்திய வருடம் அது. ஒரு நாள் மாலை அவள் தானாக வந்து பேசினாள்.

"ஞாயித்துக்கெழம எங்கண்ணன் வருது. ஒங்க வீட்டையும் பாக்கணும்னு சொல்லுது."

"எதுக்கு?"

"எதுக்காம்! ஒண்ணுமே தெரியாத பிள்ள மாதிரி கேக்குறீங்களே."

எனக்குக் காது சுட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மேசையில இருக்குதே, பட்டாளத்துக்காரவங்களோடது. எங்கண்ணனுக்குச் செத்தவங்க சாமான் வீட்டுல இருந்தா ஆகாது. கேட்டா, பழைய காசுன்னு சொல்லிடுங்க."

"பொய்யா?"

"காசு மாதிரிதானே இருக்கு? ராசா தல கூட இருக்கு. அப்புறம், சனிக்கெழம நீங்க வேலைக்குப் போனதும் ஒங்க ரூமைக் கூட்டி வைக்கட்டுமா? பூனை கூட படுக்காது அங்க."

சரி என்றேன். என் வீட்டை இன்னொருவர் கூட்டுவது என்பதை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலை பார்த்தேன். செம்பை ஈயத்தில் போட்டேன்.

சனிக்கிழமை திரும்பி வந்தபோது அவள் என் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கைவிரல்கள் எல்லாம் புளி பட்டுச் சுருங்கியிருந்தன. மேசையின் மேல் வெள்ளைத் துணி விரித்து எல்லாப் பதக்கங்களையும் பரப்பியிருந்தாள். வெண்கலத்தைப் புளி போட்டு, வெள்ளியை விபூதி போட்டு, ஒன்று விடாமல் தேய்த்திருந்தாள். கல்யாணச் சாமான் கடையில் வைத்த மாதிரி இருந்தன. செம்மண் இல்லை. கறுப்பு இல்லை. எனக்கு எது யாருடையது என்று ஒரு கணம் தெரியவில்லை.

"புதுசு மாதிரி இருந்தா அண்ணன் ஒண்ணும் சொல்லாதுன்னுதான்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "கோவமா?"

"இல்ல. நல்லாருக்கு," என்றேன். கோபமில்லை என்பது உண்மைதான். எனக்காக ஒருவர் அவ்வளவு நேரம் குனிந்து உட்கார்ந்து எதையும் செய்ததில்லை. ஆனால் அவள் போன பிறகு அந்த மேசைப் பக்கம் போக முடியாமல் படுத்துவிட்டேன்.

அண்ணன் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் விமானத் திடலின் ஸ்டோரில் வேலை பார்ப்பவர். இங்கிலீஷ் படித்தவர், நல்ல மனிதர். என் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை, ஊர் எல்லாம் விசாரித்தார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தேநீர் கலக்கும் சத்தம் கேட்டது. நான் நன்றாகவே பதில் சொன்னேன். அவருக்குத் திருப்தி என்று தெரிந்தது. எழுந்தவர் மேசைப் பக்கம் போனார்.

"என்னா இது, காசா?"

"பழைய காசுண்ணே."

"காசுக்கு எதுக்கு வளையம்?" ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். கறுப்பு இருந்தவரை உற்றுப் பார்த்தால்தான் எழுத்துத் தெரியும். இப்போது எழுத்து பளிச்சென்று நின்றது. "ஓரத்துல பேரு போட்டிருக்கே. முன்னால சிப்பாய்னும் இருக்கு. யாரு இவரு?"

யாரு இவரு என்று என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நான் சொன்னேன். அந்தப் பஞ்சாபிக்காரரின் பாலைவனத்தையும் கயிற்றுக் கட்டிலையும் சொன்னேன். அவர் கேட்காமலே அடுத்ததை எடுத்து, கோழிக்கூண்டுக் கதையைச் சொன்னேன். எனக்கு அவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அதுவும் என் காதில் விழுந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"இவரு?" என்றார் அண்ணன்.

"பர்மாவுல காய்ச்சல்ல போயிட்டாருண்ணே."

"இது?"

"இவரும் இல்லண்ணே."

"இந்த மேசையில உசுரோட இருக்கிறவன் யாராச்சும் உண்டா?"

"ஒருத்தர் இருக்காருண்ணே, உஜோங் பாசிர்ல. இத வச்சிருந்தா தூக்கம் வரலன்னு எங்கிட்ட குடுத்துட்டாரு."

அண்ணன் பதக்கத்தை மெதுவாகத் துணியின் மேல் வைத்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க. எந்தங்கச்சி ஒரு தடவ தாலி அறுத்தவ. இத்தன சாவு இருக்கிற வீட்டுல வந்து வெளக்கேத்துன்னு சொல்ல எனக்கு மனசு வரல. தீவாளிக்குள்ள இதையெல்லாம் காலி பண்ணிட்டுச் சொல்லி விடுங்க. மத்தபடி எனக்கு ஒரு கொறையும் இல்ல."

அவள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் குழாயடியில் சொன்னாள்: "ஓரத்துல இருந்தது பேருன்னு எனக்குத் தெரியாது. பூ வேலைன்னு நெனச்சு நல்லா அழுத்தித் தேய்ச்சேன்."

காலி செய்யத்தான் நினைத்தேன். அதை எழுதாமல் விடக்கூடாது. ஒரு திங்கட்கிழமை எல்லாவற்றையும் துணியில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோய் உருக்கப் போகும் கூடையில் என் கையாலேயே போட்டேன். மத்தியானம் வரை மற்ற வேலைகளைப் பார்த்தேன். ஆனால் அவள் தேய்த்ததில் புதிதாக மூன்று பெயர்கள் வெளியே வந்திருந்தன. கறுப்பு ஏறி, பெயரே இல்லாதவை என்று நான் நினைத்திருந்தவை. அவர்கள் யார் என்று நான் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை. லாரி வருவதற்கு முன் அந்த மூன்றை மட்டும் எடுக்கலாம் என்று போனேன். மூன்றை மட்டும் எடுக்க முடியவில்லை.

தவுக்கே பார்த்துக்கொண்டே இருந்தார். "காலையில போடுறே, சாயங்காலம் எடுக்குறே. லு கிலாகா?" என்றார். எனக்குப் பைத்தியமா என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கட்டுவதற்கு அவரே கயிறு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என் கையில் தொங்கிய மூட்டையின் கனத்தைப் பார்த்தாள்.

"கொண்டாந்துட்டீங்க," என்றாள்.

"மூணு பேரு யாருன்னு இன்னும் கேக்கல."

"கேளுங்க," என்று சொல்லிவிட்டுத் துணியோடு உள்ளே போனாள். குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகு ஜன்னலில் தட்டு வரவில்லை.

சுதந்திரம் வந்த மாதம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்ததாக வீட்டுக்காரம்மா சொன்னார். பித்தளைச் சாமான்களை அவள் கொண்டுபோயிருந்தாள். மூன்று பேரில் இரண்டு பேர் யாரென்று நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த அன்று நேரமே வீட்டுக்கு வந்து, விளக்கை ஏற்றிவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை சந்தைக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு கூடைகளோடு அவள் நின்றாள். தலை நரைத்திருக்கிறது. நான் ஒதுங்கிப் போயிருப்பேன், அவளே கூப்பிட்டாள்.

"இன்னும் வச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"அண்ணன் மேல கோவமா?"

"இல்ல. அவரு கேட்டாரு. நான் சொன்னேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கூடையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "அன்னைக்குத் தேய்க்கும்போது எனக்கு ஒரு நெனப்பு. ரயில் ரோட்டுக்குப் போனவங்களுக்கு இந்த மாதிரி ஒண்ணும் குடுக்கல. குடுத்திருந்தா நான் வச்சிருப்பேனா, வித்துத் தின்னுருப்பேனான்னு."

 கையில் பதக்கம் இல்லாமலே கேட்டேன்: "அவரு பேரு என்னா?"

எங்கள் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பஸ் வந்துவிட்டது. ஒரு கூடையை ஏற்றிவிட்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் தெருவைப் பார்த்தபடி அந்தப் பெயரைச் சொன்னாள். எந்தத் தோட்டத்திலிருந்து கொண்டுபோனார்கள் என்றும், லாரியில் ஏறும்போது காலில் செருப்பு இல்லை என்றும் சொன்னாள். நான் இரண்டாவது கூடையைத் தூக்கிக் கொடுத்தேன். பஸ் போய்விட்டது.

மறந்துவிடக்கூடாது என்று பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்து வீட்டுக்கு வந்தேன்.

12 நவம்பர் 1961, ஞாயிற்றுக்கிழமை