அம்பாள் முன்னால் திறந்து வைத்த நோட்டு

இதை எழுத எனக்குப் பல வருடம் தைரியம் வரவில்லை. இரண்டு முறை நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதோடு மூடி வைத்துவிட்டேன். தப்பு செய்தவன் நான். அதையும் சரஸ்வதி பூஜையில் செய்தேன். அம்பாளிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டாயிற்று. மனிதர்களிடம் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. எட்டாவது வரை படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்க்கட்டளைப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு ஆய்வுக்கூட அட்டெண்டர் வேலை. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவேன், காலையில் கதவைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைப்பேன். சாவி என் இடுப்பில். வீடு பீர்க்கன்கரணையில். பஸ்ஸில் தாம்பரம் வந்து, ரயில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கிப் போவேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி ஒரு பேராசிரியை. எல்லோருக்கும் அவர் மேடம். அவரிடம் ஒரு பெண் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடலோரக் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். படகின் அடியில் சிப்பி ஒட்டிக்கொண்டு அதைச் சுரண்டிச் சுரண்டியே அப்பாவின் கை புண்ணாவதைப் பார்த்து வளர்ந்தவள். ஒருவகைக் கடல்பாசியின் மேல் மட்டும் சிப்பி ஒட்டுவதில்லை என்று கவனித்து, அதன் சாற்றைப் பெயின்டில் கலந்து நாலு வருடம் மெனக்கெட்டாள். அந்தப் பெயின்ட் அடித்த பலகையை அப்பா தன் படகோடு கட்டித் தண்ணீரில் போட்டு வைத்தார். மாதங்கள் கழித்து எடுத்தால், பக்கத்துப் பலகையெல்லாம் சிப்பி. இவள் பலகை பளிச்சென்று இருந்தது.

மேடம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “அண்ணா, இதுக்குக் காப்புரிமை மனு போடணும். கப்பல் கம்பெனிக்காரங்க இதுக்காக எதுவும் செய்வாங்க. மனு போடறதுக்கு முன்னாடி வெளிநாட்டுல யாராவது முந்திக்கிட்டா, இவளோட நாலு வருஷமும் போச்சு. இவ கண்டுபிடிச்சதுன்னு இவளே சொல்லிக்க முடியாது.”

மனு கிட்டத்தட்டத் தயாராக இருந்தது. பூஜையெல்லாம் முடிந்து நல்ல நாளில் போடலாம் என்று சொன்னது யார் என்று கேட்காதீர்கள். காலண்டர் பார்த்துச் சொன்னது நான்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் மூன்று மாதம் எங்களோடு வேலை பார்க்க வந்தார். அவர் வந்த வாரமே நிர்வாகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. வெளிநாட்டார் ஆராய்ச்சி ரகசியங்களை எடுத்துப் போகிறார்கள், எச்சரிக்கையாக இருங்கள், வருகைப் பதிவேடு வையுங்கள் என்று. மேடம் படித்துவிட்டுச் சொன்னார்: “கதவைச் சாத்திக்கிட்டு ஆராய்ச்சி பண்ண முடியாதுண்ணா. அவர்கிட்ட நாம கத்துக்கறோம், நம்மகிட்ட அவர் கத்துக்கறார். அவ நோட்டு மட்டும் பீரோவுல இருக்கட்டும். மத்ததெல்லாம் எப்பவும் போல.”

இரண்டு உத்தரவில் எனக்குச் சுற்றறிக்கைதான் பிடித்தது. ஒரு நீள நோட்டு போட்டு அந்த மனிதர் அசைவதையெல்லாம் எழுதினேன். 10.20, உள்ளே வந்தார். 11.05, ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தார். 11.10, பாத்ரூம் போனார். 11.16, வந்தார். அவர் புத்தகத்தில் படித்துத் தமிழ் கற்றவர். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, “நன்றி ஐயா, மிகவும் துல்லியமாக எழுதுகிறீர்கள்” என்பார்.

ஆராய்ச்சிப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். “இன்னாண்ணா, அவரு ஒண்ணுக்குப் போனதெல்லாம் எழுதிகினு கீறீங்க? இதுல ஒரு டாக்டர் பட்டம் வாங்கிடலாம் போலக் கீதே.”

“நீ சும்மா இரும்மா. உனக்காகத்தான்.”

“எனுக்காகவா? அப்ப நல்லா எழுதுங்க. ஆறு நிமிஷம் ஆச்சுன்னு போடுங்க.”

இனி என் ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் தாம்பரத்தில் ஏறும் நாங்கள் பத்துப் பேர் ஒரே பெட்டியில் நின்று பஜனை பாடுவோம். அங்கே புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்ராட்சம், கையில் சொந்தமாக ஜால்ரா. நல்ல குரல். நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை என்றார். என் வேலையைப் பற்றி அவ்வளவு மரியாதையாக விசாரித்தவர் அதுவரை யாருமில்லை. “அறிவுக் கோயிலுக்குச் சாவி வச்சிருக்கீங்க சார்” என்றார். என்னை அதற்கு முன் யாரும் சார் என்றதில்லை. குப்பத்துப் பெண் கடல்பாசியில் பெயின்ட் செய்த பெருமையை அவரிடம் நானே சொன்னேன். பல்லாவரம் வருவதற்குள் பாதி சொல்லி, மறுநாள் மீதியும் சொன்னேன்.

வீட்டில் அவரைப் பற்றிச் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள். “நாவலூருக்குத் தாம்பரத்துலேர்ந்து மேடவாக்கம் வழியா பஸ் போவுது. அந்த ஆளு இன்னாத்துக்கு உங்க ரயில்ல வர்றாரு?”

“பஜனைக்காக வர்றாருடி.”

“ஓகோ. நீங்ககூட இந்த வூட்ல பஜனை வச்சா சீக்கிரம் வருவீங்களோ?”

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

பூஜை நாள் விடுமுறை என்பதால் கல்லூரியில் முந்தின வேலை நாளிலேயே கொண்டாடிவிடுவோம். அந்த வருடம் அது செவ்வாய்க்கிழமை. ஆண்டுக்கு ஒருநாள் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். காவலாளி, கேன்டீன் பெண்கள், எதிர்க்கடைக்காரர், எல்லோருக்கும் பொரியும் சுண்டலும் உண்டு. நுண்ணோக்கிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, நோட்டுகளை அடுக்கி, மேலே அம்பாள் படம் வைப்பேன். பூஜையில் வைத்ததை விடுமுறை முடிந்து எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது, படிக்கக்கூடாது.

அன்று காலை பீரோவைத் திறந்தேன். எல்லா நோட்டுக்கும் ஆசீர்வாதம் கிடைக்கும்போது அந்தப் பெண்ணின் நோட்டு மட்டும் இருட்டில் கிடப்பதா என்று மனசு கேட்கவில்லை. எடுத்து அம்பாள் படத்துக்கு முன்னால், எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். மூடி வைத்தால் அட்டைக்குத்தான் ஆசீர்வாதம் என்று தோன்றியது. அவள் ஒருமுறை “இந்தப் பக்கம்தாண்ணா என் உசுரு” என்று காட்டிய பக்கத்தைத் திறந்து வைத்து, ஓரத்தில் குங்குமம் இட்டு, ஒரு சாமந்தி வைத்தேன். அப்போது வெளிநாட்டுக்காரர் அங்கே வந்து குனிந்தார். “தொடக்கூடாது, தள்ளி நில்லுங்க” என்று அதட்டினேன். அவர் கைகட்டி, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

மேடமும் அந்தப் பெண்ணும் பிரின்சிபாலைப் பூஜைக்கு அழைக்கப் போயிருந்தார்கள். பஜனை நண்பர் வந்தார்; நான்தான் அழைத்திருந்தேன். கையில் சின்னக் கேமரா. “அலங்காரம் பிரமாதம் சார். அம்பாளை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவருக்கென்று தனியாகச் சுண்டல் எடுத்துவர உள் அறைக்குப் போனேன். திரும்பியபோது அவர் கைகூப்பி நின்றார். சுண்டல் பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்.

வெளிநாட்டுக்காரர் சுவரோரமிருந்து தயங்கித் தயங்கி வந்தார். “ஐயா, ஒரு கேள்வி. பூசையில் வைத்ததைத் தொடக்கூடாது என்றீர்கள். அவர் மட்டும் தொடலாமா? பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் படம் எடுத்தார். தெய்வத்தை எடுத்ததாகத் தெரியவில்லை.”

ஓடிப்போய் நோட்டைப் பார்த்தேன். நெற்றியில் எவ்வளவு பூசியிருந்தாலும் சரி, பக்தி உள்ளவன் எவனும் அம்பாள் முன்னால் வைத்த நோட்டைப் புரட்டமாட்டான். நாவலூர் ஆள் ஏன் என் ரயிலில் வந்தார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. சாமந்திப் பூ கீழே கிடந்தது.

மேடம் வந்ததும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “எங்கப்பாவுக்கு இன்னாண்ணா சொல்லுவேன்” என்று மட்டும் கேட்டாள்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். “அவன் இதை வெளிநாட்டுக்கு அனுப்பி, அவங்க மனு எழுதறதுக்குச் சில நாளாவது ஆகும். நாம இன்னைக்கே போட்டுடலாம். கடைசி முடிவுகள் மட்டும் நோட்டுலதான் இருக்கு. அதை டைப் பண்ணணும்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவரும் சாமி கும்பிடுகிறவர்தான். பக்கங்களைப் புரட்டியதில் அம்பாள் படம் நோட்டின்மேல் சாய்ந்திருந்தது. தீபாராதனை இன்னும் ஆகவில்லை. பாதியில் கலைத்தால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். அந்தப் பெண் கைநீட்டவில்லை. எனக்காகத்தான் நீட்டவில்லை என்று புரிந்தது.

“தாயே, நான் வச்சது தப்பு. நானே எடுக்கிறேன்” என்று சொல்லி, படத்தை நகர்த்தி, நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் படிக்கப் படிக்க மேடம் டைப் செய்தார். வெளிநாட்டுக்காரர் தானாகவே வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்தார். “நான் பார்க்காமல் இருப்பது நல்லது ஐயா. பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். எழுதக் கை வரவில்லை. ஒரு தட்டில் சுண்டல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பல்லாவரத்தில் ரயிலேறிக் கிண்டியில் இறங்கி, ஆட்டோ பிடித்து, காப்புரிமை அலுவலகத்துக்கு நானும் அந்தப் பெண்ணும் ஓடினோம். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகுகாலம். மூன்றரைக்கு ஜன்னலில் மனுவைக் கொடுத்தோம்.

“அண்ணா, ராகுகாலம்னு இப்ப சொல்லிடாதீங்க” என்றாள்.

“வாயே திறக்கலைம்மா.”

முத்திரை விழுந்த ரசீதை வாங்கியபிறகுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். ஜன்னலில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார்.

அதன்பிறகு அந்த விபூதிக்காரரை ரயிலில் பார்க்கவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்து மேடம் ஒரு காகிதத்தைக் காட்டினார். கிட்டத்தட்ட அதே கடல்பாசிப் பெயின்டுக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மனு போட்டிருந்தது. தேதி எங்களுக்குப் பின்னால், சில நாட்கள்தான் பின்னால். அந்த விபூதிக்காரரிடமிருந்து போனதுதானா என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் அவளுடைய கண்டுபிடிப்பின் மேலேயே நின்றது.

இனிப் பூஜைக்கு வெளியார் யாரையும் விடவேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. கதவு எப்போதும் போல எல்லோருக்கும் திறந்திருக்கும், மனு போடாத நோட்டு மட்டும் பீரோவில் இருக்கும் என்றார். அம்பாளுக்கு ஒரு புது வெள்ளை நோட்டு வைக்கிறோம். பீரோவுக்குள் இருப்பதையும் அவள் பார்ப்பாள் என்று எனக்கு இப்போது நம்பிக்கை.

இத்தனை வருடம் கழித்து ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தக் கதை இப்போது கல்லூரியில் வேறு மாதிரி உலாவுகிறது. வெளிநாட்டுக்காரர் நோட்டைத் திருடப் பார்த்ததாகவும், பக்திமானான அட்டெண்டர் பிடித்துவிட்டதாகவும் ஒரு புதுப் பையன் என்னிடமே சொன்னான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் வாய் திறந்து கேட்காமல் இருந்திருந்தால் எங்கள் பெண்ணுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆகவே படிக்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். இதை நாலு பேருக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம், அவரைத் திருடனாக்க வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.