வாரண்டி லாய்ட்

பிஸ்டலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் லாய்ட் பெட்ராக் வலது கட்டைவிரலின் அடியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. அப்புறம் ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தில் ஒன்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், துப்பாக்கி சுடும் கிளப்பின் கீழ்த்தளத்தில் மற்றவர்கள் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கும்போது இவர் மட்டும் பல்லால் பிளாஸ்திரியின் தாளை உரித்துக்கொண்டிருப்பார். யாரும் அவசரப்படுத்துவதில்லை. அந்தப் பிஸ்டலின் பிடி அவர் கைக்குச் செய்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அது அவருடைய மனைவி வில்மாவின் கைக்குச் செய்தது. குறி பார்த்துச் சுடுவதைப் பந்தயமாக ஆடுகிறவர்கள் இங்கே ஒரு வேலை செய்வார்கள். மரப்பிடியின்மேல் மரப்பசையைக் கெட்டியாக அப்பி, அது ஈரமாக இருக்கும்போதே இறுகப் பிடித்துக்கொள்வார்கள். காய்ந்தபின் விரல் விரலாக அச்சு நின்றுவிடும். வில்மா அப்படிப் பிடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்த அன்று, லாய்ட்தான் அவளுக்கு முட்டைக்கோஸும் நூடுல்ஸும் ஊட்டிவிட்டார். ஊட்டுகிறபோது சிரிக்க வைக்காதே, கை ஆடிவிடும் என்று அவள் அதட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளங்கை ரேகைகூட அந்தப் பசையில் லேசாக விழுந்திருந்தது. லாய்டின் கையோ மண்வெட்டி. அதைக் கொண்டுபோய் அந்தச் சின்ன அச்சுக்குள் திணித்துச் சுட்டால் தோல் கிழியாமல் என்ன செய்யும்?

மனுஷனுக்கு வேலை கவுன்ட்டி சாலைத் துறையில். பனிக்காலத்தில் லாரியின் முன்னால் பெரிய இரும்புத் தகட்டை மாட்டிப் பனி தள்ளுவார், உப்புத் தூவுவார். கோடையில் சாலையோரப் புல் வெட்டுவார். ஊர் பென்சில்வேனியாவின் மேற்கு மூலையில், நிலக்கரி தீர்ந்தபிறகும் மிச்சமிருக்கிற ஊர்களில் ஒன்று. அங்கே அவருக்கு வாரண்டி லாய்ட் என்று பெயர். பெயர் சும்மா வந்துவிடவில்லை. தையல் விட்ட பூட்ஸ், மூடி கசியும் பிளாஸ்க், காம்பு உடைந்த கோடரி என்று எதுவானாலும் செய்த கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை ஓட்டை விழுந்த காலுறையைத் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். புது ஜோடி வந்தது. அதை மாட்டிக்கொண்டு கிளப்புக்கு வந்து, பேன்ட்டை முழங்கால்வரை தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "ஆயுசு முழுக்கன்னு அவனேதான் போட்டிருக்கான். நான் என்ன பிச்சையா கேக்கறேன்?" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. சொன்ன சொல்லைக் கம்பெனிக்காரன் காப்பாற்றுவான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

உண்மையில் சுடுகிறவள் வில்மாதான். லாய்ட் அவளைக் காரில் கூட்டிவந்து விட்டு, பின்பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்தபடி, பக்கத்திலிருப்பவர்களிடம் பொண்டாட்டி பெருமை பேசுகிறவர். போன வருஷத்துக்கு முந்தின பனிக்காலத்தில் நுரையீரல் வியாதி அவளைக் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை லாய்ட் அவளுடைய பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் இடத்தில் நின்றார். குண்டுகள் எங்கெங்கோ போயின. சிலது குறி அட்டையிலேயே படவில்லை. மதிப்பெண் கூட்டுகிற டோரீன் என்ற அம்மாள் அதையும் எழுதிக்கொண்டார்.

வில்மாவின் தங்கை வந்து துணிமணி, செருப்பு, கையுறை எல்லாவற்றையும் மூட்டை கட்டிச் சர்ச்சுக்குக் கொடுத்தபோது லாய்ட் தடுக்கவில்லை. மோதிரம் அவளோடு மண்ணுக்குள் போனபோதும் அப்படித்தான். கையே இருக்கும்போது கையுறை எதற்கு? செவ்வாய்க்கிழமைதோறும் அந்த அச்சுக்குள் விரல்களை நுழைக்கும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குறியாவது, மதிப்பெண்ணாவது. வலித்தால் வலிக்கட்டும் என்று இருந்தார்.

ஜனவரியில் பிஸ்டலின் எக்ஸ்ட்ராக்டர் உடைந்தது. சுட்டபின் காலிக் கூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற கொக்கி அது. அதன் முனை அரிசி மணி அளவுகூட இருக்காது. அது போனால் ஒவ்வொரு சூட்டுக்கும் அடைத்துக்கொள்ளும். அன்றைக்குப் பேனாக்கத்தியால் நெம்பி நெம்பி எடுத்தே லாய்ட் ஆட்டத்தை முடித்தார். பக்கத்தில் நின்று சுடுகிற ஸ்டான் கோவலிக் லேத் பட்டறை வைத்திருப்பவர். வாங்கி, விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "இந்த மாடலை நிறுத்தி ரொம்ப காலமாச்சுய்யா. எங்கிட்ட விடு. எஃகுல ஒண்ணு ராவித் தர்றேன்" என்றார். லாய்டுக்குச் சிரிப்பு வந்தது. ஆயுள் வாரண்டி இருக்கிற பொருளை யாராவது பட்டறையில் கொடுப்பார்களா? வெளியாள் கை பட்டால் வாரண்டியே போச்சே.

கம்பெனிக்குப் பிஸ்டல் அனுப்புகிற எவனும் முதலில் தன் கைப்பிடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவான். பழசு எதையாவது மாட்டித்தான் அனுப்புவான். கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறவரே லாய்ட்தான். ஆனால் வில்மா அன்றைக்குப் பசையைப் பிடியை மாட்டியிருக்கிற திருகாணியின் மேலும் சேர்த்து அப்பிவிட்டிருந்தாள். திருகாணியைத் தேடிப் போனால் அவள் உள்ளங்கை மேட்டை உளி வைத்துப் பெயர்க்க வேண்டும். லாய்ட் உளியை எடுத்தார், கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். கடைசியில் போனை எடுத்தார்.

கம்பெனியின் வாரண்டிப் பிரிவில் பேசிய பெண் நல்ல மாதிரி. வெகுநேரம் பாட்டுக் கேட்க வைத்தபிறகுதான் வந்தாள் என்றாலும், வில்மா கதையை முழுக்கக் கேட்டாள். பிடியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று லாய்ட் இரண்டு தரம் சொன்னார். "பழுது பாத்தோம்னா சார், நீங்க எப்படி அனுப்பினீங்களோ அப்படியே திரும்பி வரும்" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. பழுது பார்க்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்று லாய்ட் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிஸ்டலைத் துடைத்து, பழைய துண்டில் சுற்றி, பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு வந்த செவ்வாய்க்கிழமைகளில் பழையபடி பின்பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்தார். இரவல் பிஸ்டல் தர நாலு பேர் முன்வந்தார்கள். வேண்டாம், நம்முடையது வந்துவிடும் என்றார். கட்டைவிரல் காயம் ஆறிக்கொண்டு வந்தது. அதை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரிக் கடைசியில், உப்பு லாரியை ஓரங்கட்டிவிட்டு டோனட் தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. இது வேறொரு பெண், உற்சாகமான குரல்.

"மிஸ்டர் பெட்ராக், ஒரு நல்ல சேதி. உங்க மாடலுக்கு உதிரி பாகமே இல்லை. அதனால புத்தம்புதுசா ஒண்ணு அனுப்பறோம். உங்களுக்கு ஒரு செலவும் கிடையாது."

"என்னோடது?"

"புதுசு மாத்திக் குடுத்தா பழசைத் திருப்பி அனுப்ப மாட்டோம் சார். அழிச்சிடுவோம். அதான் இங்க முறை."

"அதுல பிடி இருக்கும்மா."

மறுமுனையில் விசைகளைத் தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"போன வாரமே முடிஞ்சிருச்சு சார்."

லாய்ட் தேங்க்ஸ் சொன்னார். வாய்ப்பழக்கம், வேறென்ன சொல்வது? பிறகு லாரியைக் கிளப்பினார். அன்று பனியே இல்லை, சாலை காய்ந்து கிடந்தது. தகட்டைத் தூக்க மறந்து, தாரைச் சுரண்டிக்கொண்டு, நெருப்புப் பொறி பறக்க ஊர் முழுக்க ஓட்டினார். ஜனங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள். மேஸ்திரி வயர்லெஸ்ஸில் கத்திய கத்தல் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஸ்டான் ராவித் தருகிறேன் என்றாரே, கேட்டேனா, என் கையால் நானே பெட்டி கட்டி அனுப்பினேனே என்றுதான் மனசு திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டது. அவளை இரண்டாம் தடவை புதைத்த மாதிரி இருந்தது. முதல் தடவை டாக்டர்கள்மேல் பழி போடவாவது முடிந்தது.

புதுசு வந்தது. எந்தக் கைக்கும் பொருந்துகிற கறுப்புப் பிளாஸ்டிக் பிடி. லாய்டின் கைக்கும் அம்சமாகப் பொருந்தியது. பிளாஸ்திரி இல்லாமல் நின்று சுட்டார். ஒன்றுவிடாமல் கறுப்பு வட்டத்துக்குள்ளேயே விழுந்தன. பாவி மனுஷன் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாகச் சுட்டதே கிடையாது. டோரீன் கூட்டிப் பார்த்தார். எல்லோர் மதிப்பெண்ணையும் உரக்கப் படிக்கிறவர், இவருடையதைப் படிக்காமல் அடுத்தவர் அட்டைக்குப் போய்விட்டார்.

எல்லோரும் துப்பாக்கிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது ஸ்டான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வால்நட் கட்டை ஒண்ணு வச்சிருக்கேன் லாய்ட். பசையும் இருக்கு. அதே மாதிரி செஞ்சிரலாம். நீ அளவு மட்டும் சொல்லு."

டோரீன் வலது கையை நீட்டினார். "என்னோடதும் சின்னக் கைதான். பசையை நான் வேணா பிடிச்சுக்கிறேன்."

லாய்ட் அந்தக் கையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைவிடச் சின்னது. விரல் மட்டும் கொஞ்சம் நீளம்."

"எவ்வளவு நீளம்?" என்று கேட்டு ஸ்டான் சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்தார்.

லாய்ட் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். ஸ்டான் அளவுகோலைக் கிட்டே கொண்டுபோனபோது விரல்களைக் கொஞ்சம் குறுக்கினார். பிறகு அகட்டினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி குறுக்கினார். ஸ்டான் அளவுகோலைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார்.