ஐந்து கட்டைக் குரல்

"பிள்ளை, பொண்ணுன்னு நான் பேதமே பார்த்ததில்லை" என்று மயிலாப்பூரில் எதிர்ப்படுகிற எல்லாரிடமும் அப்பா சொல்வார். பொய்யில்லை. அண்ணாவையும் என்னையும் சேர்த்தேதான் பாட்டுக்கு அனுப்பினார். ஒரே சுருதிப் பெட்டியை நடுவில் வைத்துச் சாதகம் செய்ய வைத்தார். அண்ணாவுக்கு மகரக்கட்டு வந்து குரல் தடித்ததும் பெட்டியை அவனுக்கேற்ற தாழ்ந்த சுருதிக்கு, ஒரு கட்டைக்கு, இறக்கினார்கள். என் குரலுக்கு உயர்ந்த சுருதி, ஐந்து கட்டைதான் சரி. அதை யாரும் கேட்கவில்லை. அவன் சுருதியில் நான் கீழே போனால் முனகல், மேலே போனால் அலறல். தொண்டை கட்டிக்கொள்ளும், அம்மா மிளகுப் பால் கொடுப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் எம்.ஏ. தத்துவம் சேர்ந்தேன். பெண்ணியச் சிந்தனை பற்றிய வகுப்பில் ஒரு கேள்வி வந்தது: சமம் என்றால் யாருக்குச் சமம்? ஆணை அளவாக வைத்துக்கொண்டு அதற்குப் பொதுவாக 'மனிதன்' என்று பேர் வைத்திருக்கிறோம். பெண்ணின் வேறுபாடு குறையல்ல, அந்த வேறுபாட்டிலிருந்தும் யோசிக்கலாம் என்றார்கள். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்கு எங்கள் வீட்டுச் சுருதிப் பெட்டி ஞாபகம் வந்து கோபத்தில் காது சுட்டது.

அந்த மார்கழியில் ஒரு சபாவில் எங்கள் இருவருக்கும் முதல் கச்சேரி. வீட்டில் சொல்லிவிட்டேன்: "பாதிக் கச்சேரி என் சுருதியில. இல்லேன்னா அண்ணா தனியாப் பாடட்டும்."

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "உனக்கு நான் என்னடி குறை வெச்சேன்?"

"குறையே வெக்கலைப்பா. அண்ணாவுக்குத் தெச்ச சட்டையையே எனக்கும் போட்டுவிட்டேள்."

அண்ணாவுக்குச் சிரிப்பு. "அஞ்சு கட்டைதானே, நான் பாடறேன் பார்" என்று பெட்டியைத் திருகினான். மேல் ஷட்ஜத்தில், அந்த உச்ச 'ஸ'வில், குரல் கிழிந்தது. இருமி ஓய்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "இத்தனை வருஷமா நீ இப்படித்தான் பாடிண்டிருந்தியா?" என்று கேட்டான். நான் அழுதுவிட்டேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மிருதங்கக்காரர் முணுமுணுத்தார். ஒரு மிருதங்கம் ஒரு சுருதிக்குத்தான் சேரும், நடுவில் சுருதி மாறினால் அவருக்கு இன்னொன்று வேண்டும், அதை யார் தூக்குவது என்றார்.

கச்சேரியன்று சாயங்காலம் சபா வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மாடவீதிக் கூட்டத்தை இடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுக்க, உறை போட்ட மிருதங்கத்தைத் தோளில் சுமந்தபடி அப்பா வந்தார். தெரிந்தவர் ஒருவர் நிறுத்தி, "என்ன மாமா, இந்த வயசுல மிருதங்கம் கத்துக்கறேளா?" என்று கிண்டலடித்தார்.

"எனக்கில்லை" என்றார் அப்பா. "என் பொண்ணுக்குக் குரல் வேற. அவளுக்கு இது."