காதில் ஊறிய எச்சில்

செய்தி என் இடது காதில்தான் விழுந்தது. திருமுல்லைவாயில் ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். "மங்கை டாக்டர் காலையில தவறிட்டாங்க சார்" என்றார் அவருடைய கிளினிக் நர்ஸ் செல்வி. போனை வலது காதுக்கு மாற்றிக் கேட்டேன். அங்கேயும் அதே செய்திதான்.

அந்த இடது காது டாக்டர் பழுதுபார்த்துக் கொடுத்தது. உங்களில் பலருக்கு அவர் காதுவலியைத் தீர்த்திருப்பார். என் வியாதி கொஞ்சம் கேவலமானது. பிரியாணியைக் கண்டால் எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறும். எனக்குக் காதில் ஊறியது. கல்யாணப் பந்திகளில் காதைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டேன். சீழ் என்று நம்பி இரண்டு வருடம் சொட்டு மருந்து வேறு.

மங்கை டாக்டர் என் புலம்பலை முழுக்கக் கேட்டுவிட்டு, வாசல் தள்ளுவண்டியிலிருந்து மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்க் கீற்று வாங்கிவரச் சொன்னார். நான் கடிக்க, அவர் காதுக்குள் பார்த்தார். தெளிந்த நீர், சொட்டுச் சொட்டாக. "சீழ் இல்லய்யா, எச்சில்! சுரப்பியிலேர்ந்து காதுக்குள்ள ஒரு பொத்தல் இருக்கு" என்று குதூகலித்தார். அன்றிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டில் அவர் 'மாங்கா டாக்டர்'. கதையைப் பரப்பியவன் நான்தான். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் மங்கை. மாங்கா நீங்க."

ஆபரேஷனுக்கு முந்தின நாள்தான் என் வாய் அடங்கியது. "முகத்தை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளதான் ஓடுது. பட்டுட்டா ஒரு பக்கம் சிரிப்பு வராது. படாம பாத்துக்குவேன். ஆனா சொல்லாம கத்தி வைக்க மாட்டேன்." ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிறவன் நான். அன்றைக்கு எழுதவேண்டிய நகைச்சுவைப் பத்தியில் ஒரு வரிகூட நகரவில்லை.

காதுமடலிலிருந்து துளி குருத்தெலும்பு எடுத்துப் பொத்தலை அடைத்தார். மயக்கம் தெளிந்ததும் எதிரே அவர் முகம்.

"சிரிங்க."

"ஜோக் சொல்லுங்க டாக்டர்."

"உங்க கட்டுரையெல்லாம் தேடிப் பாத்தேன். ஒண்ணும் தேறல."

சிரித்துவிட்டேன். வாயின் இரண்டு ஓரமும் ஏறின. அவர் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் மாங்காய்க் காலம்தோறும் போவேன். காதில் பஞ்சு வைத்து, கீற்றைக் கடித்து, பஞ்சை எடுத்து நீட்டுவேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "காஞ்சு கெடக்கு. ஓடுங்க" என்பார். மிச்சக் கீற்றுகளைப் பிடுங்கிக்கொள்வார்.

செல்வியின் போனை வைத்துவிட்டு, ரயில் நிலைய வாசலில் ஆட்டோவில் ஏறினேன். "மாங்கா டாக்டர் ஊட்டுக்கா? குந்து நைனா. என் பொண்ணு காத அவங்கதான் பாத்தாங்கோ" என்றார் ஓட்டுநர். வழியில் நிறுத்தச் சொல்லி நான்கு கீற்று வாங்கினேன். பழக்கதோஷத்தில் காதில் பஞ்சு வைத்து, ஒன்றைக் கடித்து, எடுத்துப் பார்த்தேன்.

காஞ்சுதான் கிடக்கு, டாக்டர். பஞ்சு என் சட்டைப்பையில் இருக்கிறது. மிச்சம் மூன்று கீற்றும் கையிலேயே இருக்கின்றன.