நான் வைத்துக்கொண்ட பெயர் ‘ஹொசப’

இரண்டு வருடங்களுக்கு முன், பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்க்கும் பம்ப் தொழிற்சாலையின் கேன்டீனில், ஒரு மதிய வேளையில் நடந்தது இது. வெளியே சொன்னால் என் மானம்தான் போகும். போகட்டும், போக வேண்டிய மானம்தான்.

எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. எஃகுப் பின்னையும் அது உட்காரும் புஷ் என்கிற வளையத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பெட்டி பிரிக்க வேண்டும். பச்சைப் பின்னுக்குப் பச்சை புஷ்தான் ஜோடி. மாற்றிப் போட்டால் பம்ப் இறுகி நின்றுவிடும்.

வேலை போக மிச்ச நேரத்தில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. போனில் சீட்டு விளையாட்டு. வீரன், மந்திரவாதி, சிங்கம் என்று படம் போட்ட சீட்டுகளை எதிராளியின் சீட்டுகளோடு மோதவிட வேண்டும். பிளாக்செயின் விளையாட்டு என்பார்கள். எந்தச் சீட்டு யாருடையது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதெல்லாம் அழிக்க முடியாத ஒரு பொதுப் பதிவில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அதில் நான் மேல்நிலைக்கு வந்துவிட்டேன். வந்த பிறகு பத்துக்கு ஏழு ஆட்டம் தோல்வி. எங்கே போனாலும் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்து தொலைக்கிறார்களே! அப்போதுதான் குறுக்கு புத்தி வேலை செய்தது. எத்தனை ஆட்டம் ஜெயித்திருக்கிறோம் என்பதை மட்டும் பார்த்துத்தான் அந்த விளையாட்டு இருவரை ஜோடி சேர்க்கும். கையில் இருக்கும் சீட்டு எவ்வளவு பலமானது என்று பார்க்காது. இன்னொரு கணக்கு திறந்து, என் நல்ல சீட்டுகளை எல்லாம் அதற்கு மாற்றினேன். ஒக்கலிபுரத்திலிருந்து மெட்ரோவில் வரும்போது வேண்டுமென்றே நாலைந்து ஆட்டம் தோற்பேன். அப்படித் தோற்றால்தான் அடிமட்டத்திலேயே உட்கார்ந்திருக்க முடியும். மதியம் கேன்டீனில் புதியவர்களை வெளுத்து வாங்குவேன். அந்தக் கணக்குக்கு வைத்த பெயர் ‘ஹொசப’. கன்னடத்தில் புதியவன் என்று அர்த்தம். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! ஜெயித்தால் கிடைக்கும் பரிசுச் சீட்டுக்காக ஆடினேன் என்றால் பாதிப் பொய். ஜெயிக்கிற ருசிக்காகத்தான்.

அந்தச் சமயத்தில்தான் பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு அக்கா எங்கள் பிரிவுக்கு வந்தார். சிவாஜிநகர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒன்பது வருடம் அட்டைப்பெட்டி ஒட்டிய பிறகு, கேட்டுக் கேட்டு வாங்கிய மாற்றம். மூன்று மாதம் பழகி, அளவில் தப்பு வராமல் இருந்தால் வேலை நிரந்தரம். அவர் மகள் இதே விளையாட்டை அவருடைய போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். மதியம் எனக்கு எதிரே உட்கார்ந்து அவரும் ஆடுவார். என்ன பெயரில் ஆடுகிறார் என்று நான் கேட்கவில்லை. பெரிய ஆட்டக்காரிக்கு அதெல்லாம் எதற்கு?

இரண்டாவது மாதம் அவர் முகம் வாடத் தொடங்கியது. ஒரே பின்னை மூன்று தடவை அளப்பார். பெட்டி நிரம்பாமல் கிடக்கும். ஒரு நாள் சாப்பிடும்போது, “நாளைக்கு சூப்பர்வைசராண்ட சொல்லிட்டு பேக்கிங்குக்கே போயிடறேன்மா” என்றார்.

“ஏங்க்கா? நல்லாத்தானே பண்றீங்க?”

“இன்னாத்த நல்லா பண்றேன்? இந்த கேம்லயே பாரு. பெரிய ஆளுங்ககிட்ட தோத்தா பரவால்ல. என்ன மாதிரி புதுசா வந்தவங்ககிட்டயே தெனம் தோக்கறேன். மூள மழுங்கிப் போச்சி. பேஜாரா இருக்குது.”

“பழகினா வந்துடும்க்கா” என்று சொல்லிக்கொண்டே நான் போனை எடுத்தேன்; அவரும் தன் போனில் குனிந்தார். எதிராளி கிடைத்தார். ‘மல்லிப்பூ’ என்று பெயர். அடிக்கடி மாட்டும் ஆள்தான். மதியத்தில் அடிமட்டத்தில் ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். சிங்கச் சீட்டை இறக்கி ஒரே அடி. ஆட்டம் முடிந்தது.

அதே நொடியில் எதிரே இருந்த போனிலிருந்து தோல்விக்கான அந்த ஊளை மாதிரியான இசை கேட்டது.

நிமிர்ந்தேன். அக்கா போனை மேஜைமேல் வைத்துவிட்டு, “பாத்தியா? திரும்பவும் அவன்தான். ஹொசபன்னு பேரு வெச்சிக்கினுகீறான், என்ன மாதிரி புதுசு. எப்படி அடிக்கிறான் பாரு” என்றார்.

‘நான்தான்க்கா அது’ என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். அன்று மதியம் முழுக்கப் சரியான ஜோடி சேர்க்கும் அந்தப் பச்சைப் பெட்டியை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அறை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்ததால் காத்திருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். பேசத் தெரியாமல் போனைத் திறந்து அந்தப் பொதுப் பதிவைக் காட்டினேன். சிங்கச் சீட்டு, என் பெயரிலிருந்து ‘ஹொசப’ பெயருக்கு. அதற்குக் கீழே வரிசையாக மற்றச் சீட்டுகள்.

“ஹொசப நான்தான்க்கா. புதுசு இல்ல. மூணு வருஷமா ஆடறேன். உங்க சீட்ட வெச்சி என் சீட்ட யாராலயும் ஜெயிக்க முடியாது.”

திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் அந்த வரிசையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்போ நான் மக்கு இல்லியா?”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இல்லை என்று தலையைத்தான் ஆட்ட முடிந்தது. உள்ளேயிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். அக்கா எட்டிப் பார்த்து, “ஒண்ணும் இல்ல சார், சும்னே வந்தேன்” என்று பாதிக் கன்னடத்தில் சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் மேஜைக்குப் போனார்.

கோபம் அதற்கப்புறம்தான் வந்தது, ஒரு வாரத்துக்கு! கேன்டீனில் வேறு மேஜை. எட்டாம் நாள் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். “சின்னதுல கபடிக்கு உத்தி பிரிப்போம், தெரியுமா? சமமா இருக்கிற ரெண்டு பேர் ஜோடி சேந்து, ஆளுக்கு ஒரு பேர் வெச்சிக்கினு வருவோம். சோப்ளாங்கி கூட எவனாச்சும் பலசாலி ஜோடியா வந்தான்னா ஆட்டத்துலயே சேக்க மாட்டோம்” என்றார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கணக்கில் ஆடுவதை அன்றோடு விட்டேன். இப்போது மதியத்தில் உத்தி பிரித்துத்தான் ஆடுகிறோம். இருவரும் சீட்டுகளை விரித்துக் காட்டி, பலம் சமமான பிறகே ஆட்டம். அக்கா அடிக்கடி என்னை மண்ணைக் கவ்வ வைக்கிறார். வேலையும் நிரந்தரமாகிவிட்டது.

ஒரே ஒரு தண்டனை மட்டும் இன்னும் தீரவில்லை. பிரிவில் எல்லோர் முன்னாலும் என்னை, “ஏய் ஹொசபா, அந்த மைக்ரோமீட்டரக் குடு” என்றுதான் கூப்பிடுவார். காரணம் தெரியாமல் மற்றவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் ஒவ்வொரு தடவையும், ஒன்பது வருடம் காத்திருந்து வாங்கிய நாற்காலியை என் பொய்ப் பெயரால் விட்டுவிடத் துணிந்த ஒருவர் சூப்பர்வைசர் அறை வாசலில் நின்றது என் கண்முன் வந்து போகிறது.