சட்டைக்கையில் ஓர் அத்தியாயம்

மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே எழுதுகிறார் ரைட்டரம்மா. அது துணி வெட்டும் மேசை. இரட்டைக் கட்டில் அகலம், இடுப்பளவு உயரம். அதன்மேல் போர்வை விரித்ததுபோல் ஒரு பழுப்புத்தாள். இந்த மூலையில் ஒரு வரி எழுதுகிறார். நாலு அடி நடந்து அந்த மூலையில் இன்னொரு வரி. பிறகு நின்று, மின்விசிறியை முறைத்துப் பார்த்துவிட்டு, முதல் மூலைக்கே திரும்பி வந்து எழுதியதை அடிக்கிறார். சட்டை தைக்க வந்தவர் வாசலில் தயங்கினால், தையற்காரரான கணவர் உதட்டில் விரலை வைத்துவிட்டு அங்கேயே வைத்து அளவெடுக்கிறார். காலையில் மேசை மனைவிக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவருக்கு என்பது அந்த வீட்டின் பாகப்பிரிவினை.

பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. ரைட்டரம்மா என்றால் காய்கறிக்கடைக்காரர்கூட வழி சொல்வார். அவர் எழுதியதைப் படித்தீர்களா என்று கேட்டால் மட்டும் கத்தரிக்காயை அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

அகலமான தாளில் எழுதுவதற்கு ரைட்டரம்மாவிடம் காரணம் இருக்கிறது. ஓய்வு பெறும்வரை டெலிபோன் நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை. காதில் கருவி, எதிரே பலகை. ஒரு வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போன செய்தி, அடுத்த வீட்டில் சாவு, அதற்கடுத்த வீட்டில் யாரோ பால்காரனைத் திட்டுகிறார்கள். எல்லாம் ஒரே நொடியில். "மனுஷங்க எல்லாரும் ஒரே நேரத்துலதான் யோசிக்கிறாங்க. புத்தகம்தான் வரிசையில நில்லுன்னு சொல்லுது" என்கிறார். அதனால் அவருடைய ஆட்கள் தாளில் பக்கம் பக்கமாக, பத்தி பத்தியாக நிற்கிறார்கள். அப்பாவுக்கு இடது ஓரம், மருமகளுக்கு வலது ஓரம். ஒருவர் ஒன்றை நினைக்கும்போது மற்றவர் என்ன நினைத்தார் என்று பார்க்க, கண்ணைத் திருப்பினால் போதும். பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.

இப்படி எழுதிய முதல் நாவல் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. பேருந்து வருவதற்குள் நாவல் முடிந்துவிடும். இரண்டாவது, மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களைப் பற்றியது. அதற்கு வந்த ஒரே மதிப்புரை, 'கதையைக் காணோம்' என்று முடிந்தது. "காணோம்னா போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானே" என்று ரைட்டரம்மா சிரித்தார். ஆனால் விற்காத பிரதிகள் கட்டுக்கட்டாக வீடு திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை. ஒரு கட்டின்மேல் இஸ்திரிப்பெட்டி உட்கார்ந்தது. ஒரு பிரதி, கொழுந்தனாரின் தையல்கூடத்தில் ஆடிக்கொண்டிருந்த மிஷினின் காலுக்கு முட்டுக் கொடுக்கப் போனது. கொடுத்து அனுப்பியதே ரைட்டரம்மாதான். யாருக்காவது உபயோகப்படட்டுமே.

அந்தத் தையல்கூடத்தை நடத்துவது கொழுந்தனார் என்று பலகை சொல்கிறது. நடத்துவது அவர் மனைவி, அதாவது ரைட்டரம்மாவின் ஓரகத்தி. வாய் கொஞ்சம் கூர்மை. "உங்க புத்தகத்துல என்னதான்க்கா நடக்குது?" என்று ஒருமுறை கேட்டார். ஒன்றும் நடக்காது என்றார் ரைட்டரம்மா. "ஒண்ணும் நடக்காததுக்கா இவ்வளவு பேப்பர்?" என்றார் ஓரகத்தி. குடும்பமே சிரித்தது. தையற்காரர் மட்டும் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தார்.

இப்போது எழுதுவது மூன்றாவது நாவல். ஒரு வீடு, ஒரு காலை நேரம், அழைப்பு மணி அடிக்கிறது. வீட்டில் ஆளாளுக்கு, வந்திருப்பது இன்னார்தான் என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருக்கிறார்கள். மூத்த மகள் ஒருத்திதான் கதவை நோக்கி நடக்கிறாள். அவ்வளவுதான் நாவல். மருந்துக்கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருக்கும் பதிப்பாளரம்மா இதைப் போடத் துணிந்ததே பெரிய விஷயம். அவரும் ஒரு நிபந்தனை போட்டார். "கடைசியில வந்தது யாருன்னு மட்டும் சொல்லிடுங்க. ஜனங்க கேப்பாங்க." மாதக் கடைசிக்குள் இறுதி அத்தியாயம் வராவிட்டால், அச்சகத்தில் அந்த இடம் ஒரு சமையல் புத்தகத்துக்குப் போகும்.

ரைட்டரம்மா முரண்டு பிடித்துப் பார்த்தார். பிறகு, அடுக்கி வைத்த கட்டுகளின் நினைவு வந்தது. இதுவும் அங்கே போய்ச் சேர்ந்தால் இனி எழுதுவதில்லை என்று கணவரிடம் சொல்லியிருந்தார். அப்படிச் சொன்ன பிறகு முரண்டு பிடிக்க முடியுமா? அத்தியாயத்தை முடித்து, தாளின் நடுவே, மூத்த மகளின் பத்திக்குக் கீழே, வந்தது யார், எதற்காக வந்தார் என்று நெருக்கி நெருக்கி எழுதினார். மருந்து விழுங்குவதுபோல எழுதினார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எழுதிய தாளைச் சுருட்டிச் சிவப்பு நூல் கட்டி வைக்க வேண்டும். நூல் கட்டாத சுருள் எல்லாம் தையற்காரரின் சொத்து. துணிமேல் வைத்துக் கோடு போட்டு வெட்டும் மாதிரிகளுக்கானது. இந்தச் சட்டம் ஒருநாளும் மீறப்பட்டதில்லை. அன்று காலை ரைட்டரம்மா ஒரே ஒரு சொல்லை மாற்றுவதற்காக நூலை அவிழ்த்தார். மாற்றினார். சுருட்டினார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள், போனார்.

மதியம் திரும்பியபோது கத்தரியின் சத்தம் கேட்டது. பழுப்புத்தாளைக் கத்தரிக்கும் சத்தம் துணியைக் கத்தரிப்பதுபோல் இருக்காது, கொஞ்சம் கரகரக்கும். மருத்துவமனை ஊழியர்களுக்கான சீருடைச் சட்டை அவசரம் என்று, தையற்காரர் எழுத்துப் பக்கம் கீழே இருக்க, வழவழப்பான பக்கத்தில் கோடு போட்டு வெட்டி முடித்திருந்தார். ஆணியில் முன்பாகம் இரண்டும் பின்பாகமும் தொங்கின. காலர் காற்றில் திரும்பியது. அதில் 'செருப்பைத் தேடுகிற சாக்கில் அப்பா' என்று எழுதியிருந்தது.

ரைட்டரம்மா படித்தார். தையற்காரரும் அப்போதுதான் படித்தார். கத்தரியை மேசைமேல் வைக்கவும் முடியாமல் கையில் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார்.

"நீ நூல் கட்டலையேம்மா."

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் தாங்க முடியவில்லை. அடுத்த சில நாட்கள் ரைட்டரம்மா கணவரிடம் வாடிக்கையாளர்கள் மூலமாகவே பேசினார். "சாப்பாடு மேசைல இருக்காம், சொல்லிடுங்க" என்று, பேன்ட் நீளம் குறைக்க வந்த மனிதரிடம் சொன்னார். அவரும் சொன்னார். தையற்காரர் நன்றி சொல்லச் சொன்னார். பேன்ட்காரர் அதையும் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கிடையே ரைட்டரம்மா புதுத் தாளை விரித்து மறுபடி எழுதிப் பார்த்தார். வரவில்லை. எழுதி முடித்ததும் மண்டையைக் கழுவிக் கவிழ்த்துவிடும் ஆள் அவர். நகல் எடுக்கும் பழக்கமும் கிடையாது. மேசைக்கு அடியில் மண்டியிட்டு, வெட்டி விழுந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கினார். ஆணியில் தொங்கியவற்றோடு பொருத்தினார். அப்பா கிடைத்தார், மருமகள் கிடைத்தாள், பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த தம்பிகூடக் கிடைத்தான். மூத்த மகளைத்தான் காணோம். அவளுடைய பத்தி தாளின் நடுவில் இருந்தது. நடுவில் வெட்டியது சட்டைக்கை. சட்டைக்கை தைக்கும் வேலை கொழுந்தனாரின் தையல்கூடத்துக்குப் போயிருந்ததால், மாதிரியும் அதோடு போயிருந்தது.

கையில் மிஞ்சியது, சட்டைக்கையின் வளைவுக்கு வெளியே விழுந்த ஒரு நீளத் துண்டு. அதில்தான் வந்தது யார் என்ற விளக்கம் இருந்தது. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினார். கிளம்பும்போது தையற்காரர், "நானும் வரட்டுமா?" என்றார். ரைட்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். தூது சொல்ல வாடிக்கையாளர் யாரும் இல்லை. "வேணாம். கடையப் பாருங்க" என்று நேராகவே சொல்ல வேண்டியதாயிற்று. தையற்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

பேருந்தில் அந்தத் துண்டை எடுத்துப் படித்தார். சப்பென்று இருந்தது. இவ்வளவு பேரை உட்கார வைத்து, ஒரு மணியை அடித்து, கடைசியில் சொல்வது இதுதானா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. பைக்குள் திரும்ப வைத்தார்.

தையல்கூடத்தில் மிஷின்கள் ஓடும் சத்தம் தெருமுனை வரை கேட்பது வழக்கம். அன்று கேட்கவில்லை. மாறாக, வாக்குவாதம் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால், சட்டைக்கைத் தாள் ஜன்னல் கம்பியில் ஒரு கிளிப்பில் தொங்குகிறது, எழுத்துப் பக்கம் தெரியும்படி. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் பெண் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பட்டன் வைக்கிற பெரியம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எழுத்து, வளைவில் வந்து வெட்டுப்பட்டு நிற்கிறது: 'கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது யாராக இருந்தாலும், நான்'.

அதற்குமேல் என்ன என்பதுதான் சண்டை. கோபித்துக்கொண்டு போன புருஷன் திரும்பி வந்திருக்கிறான், அவள் திறக்கக் கூடாது என்பது காஜா பெண்ணின் கட்சி. "அவளுக்குக் கல்யாணம் ஆச்சுன்னு எங்கடி போட்டிருக்கு? உன் வீட்டுக் கதையெல்லாம் இதுல கொண்டு வந்து தைக்காத" என்றார் பெரியம்மா. அவர் கணக்குப்படி வெளியே யாருமே இல்லை. தெருப்பிள்ளைகள் மணியை அடித்துவிட்டு ஓடியிருக்கின்றன. அவள் திறந்து பார்த்து ஏமாறப் போகிறாள், பாவம். இல்லை, ஏமாற மாட்டாள், திறந்ததே அவளுக்குப் போதும் என்றது இன்னொரு குரல். அது ஓரகத்தியின் குரல்.

ரைட்டரம்மா வாசலிலேயே நின்று கேட்டார். பழைய வேலையின் பழக்கம்; இணைப்பில் ஆட்கள் பேசும்போது குறுக்கே வரக் கூடாது. ஓரகத்திதான் முதலில் திரும்பினார். வேலை நின்றுபோனதற்குப் பிடிபட்டவர்போல ஒரு கணம் விழித்தார். பிறகு நேராகக் கேட்டார்.

"அக்கா, அவ கதவைத் திறந்தாளா இல்லையா?"

"நீ என்ன நினைக்கிற?"

"நான் நினைக்கிறது இருக்கட்டும். எழுதினது நீங்கதானே?"

"வந்தது யாருன்னு எழுதிதான் வச்சேன்" என்றார் ரைட்டரம்மா. பையிலிருந்து துண்டை எடுத்தார். எல்லோரும் நெருங்கி வந்தார்கள். காஜா பெண் கையை நீட்டியும் விட்டாள். பட்டன் பெரியம்மா அந்தக் கையைத் தட்டினார். "இருடி. தெரிஞ்சுட்டா அப்புறம் என்ன இருக்கு?"

ரைட்டரம்மா துண்டைப் பிரிக்கவில்லை. அங்கிருந்த போனில் பதிப்பாளரம்மாவைக் கூப்பிட்டார். அத்தியாயம் நாளைக்கு வரும், ஆனால் வந்தது யார் என்று அதில் இருக்காது என்றார். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. ஜனங்கள் கேட்பார்கள் என்ற பழைய பல்லவி ஆரம்பித்தது. இங்கே காஜா பெண்ணும் பெரியம்மாவும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்கள். புருஷனா பிள்ளைகளா என்று குரல் ஏறிக்கொண்டே போனது. பதிப்பாளரம்மா பேச்சை நிறுத்தி, பின்னால் என்ன சண்டை என்று கேட்டார்.

"வாசகருங்க" என்றார் ரைட்டரம்மா. சொல்லிவிட்டு, டெலிபோன் பலகையின் முன் உட்கார்ந்திருந்த காலத்தில் செய்ததுபோல, ஒரு வார்த்தையும் பேசாமல் போனைக் கூடத்தின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டார். கை வலிக்கும்வரை பிடித்திருந்தார். காதில் திரும்ப வைத்தபோது பதிப்பாளரம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சரி, கொண்டு வாருங்கள், பார்ப்போம் என்றார். அவர் அகராதியில் அது சம்மதம்.

சட்டைக்கையைக் கிளிப்பிலிருந்து எடுத்துச் சுருட்டினார் ரைட்டரம்மா. ஓரகத்தி சிவப்பு நூல் தேடிக் கட்டிக் கொடுத்தார். கட்டிக்கொண்டே, இந்த மாதிரி வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று, துணி விலை விசாரிக்கும் குரலில் கேட்டார். ரைட்டரம்மா மூலையில் இருந்த மிஷினின் காலைப் பார்த்தார். ஓரகத்தியும் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. குனிந்து, மிஷினை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, முட்டுக் கொடுத்திருந்த புத்தகத்தை உருவினார். அட்டையில் வட்டமாகக் கால் பதிந்திருந்தது. முந்தானையால் எண்ணெய்க் கறையைத் துடைத்தார். மிஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது.

ரைட்டரம்மா கையில் இருந்த நீளத் துண்டை இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். இன்னும் மடித்து, கட்டை விரலால் அழுத்தி, மிஷின் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.