தடுப்பு இல்லாத மூன்று நிமிடம்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். வியாழக்கிழமை, மதியம் இரண்டு பத்திலிருந்து இரண்டரைக்குள். என்னோடு அங்கே இருந்த ஒரே ஆளும் இப்போது உயிரோடு இல்லை.

ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். வீட்டு ரவுட்டர்களில் கம்பெனி வைத்து அனுப்பும் மென்பொருளைத் தூக்கிவிட்டு, வெளியாட்கள் எழுதி இலவசமாகத் தரும் மென்பொருளை ஏற்றுவது என் பைத்தியம். எந்த போனை உள்ளே விடலாம், எதைத் தடுக்கலாம், எல்லாமே நம் கையில் இருக்கும். இரண்டு வருடம் முன்பு எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் அப்படி ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

"என் வீட்டுக்காரி போனை மட்டும் பகல்ல நிறுத்திடுங்க தம்பி. நாள் பூரா அவ அக்காகிட்ட பேச்சு" என்றார்.

அந்த வீட்டுக்குள் போன் சிக்னல் சுத்தமாக வராது. வைஃபை இருந்தால்தான் யாரையும் கூப்பிட முடியும். அவர் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, எனக்கு வீசிங் இருக்கு. அவசரத்துக்கு போன் வேணும்."

"ஒரு போன் இல்லன்னா செத்துடவா போற?" என்று அவர் சிரித்தார்.

நானும் சிரித்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது. அன்றைக்கு எதுவும் உறைக்கவில்லை. அவள் போனைத் தடுப்புப் பட்டியலில் போட்டேன். ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று ரவுட்டர் மேல் என் நம்பரை ஒட்டிவிட்டு வந்தேன். ஆறே மாதத்தில் அவள் இறந்துபோனாள். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார் கடைக்காரர். தெருவே நம்பியது.

போன மாதம் அவர் என்னைத் தேடி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"தம்பி, அந்த ரவுட்டருக்குப் புதுசு ஏத்தணும். தடுப்பு இன்னும் பலமா வேணும்."

"யாரைத் தடுக்க சார்? வீட்டுல நீங்க ஒருத்தர்தானே?"

 மதியம் இரண்டு மணிக்கு வரச் சொன்னார், அவ்வளவுதான்.

போனேன். கூடத்தில் அவருடைய நாற்காலி. அதற்கு நேர் மேலே சுவர்ப்பலகையில் ரவுட்டர். லேப்டாப்பை வயர் போட்டு மாட்டினேன். பட்டியலில் தடுக்கப்பட்ட போன் ஒன்றே ஒன்று. அவளுடையது.

மணி 2:10. திரையில் ஒரு வரி விழுந்தது. அந்த போன் உள்ளே வரப் பார்க்கிறது... அனுமதி மறுக்கப்பட்டது. மூன்று வினாடி கழித்து மறுபடி. மறுபடி.

"டெய்லி இதே நேரம்" என்றார் அவர். 

பக்கத்தில் சிக்னல் அளவு. அது மைனஸில் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க, போன் பக்கத்தில் வருகிறது என்று அர்த்தம். அப்போது மைனஸ் எண்பது. வாசல் கேட் தூரம். ஜன்னல் வழியே பார்த்தேன். கேட்டில் யாரும் இல்லை.

"அந்த போன் எங்க சார்?"

"அவ அக்கா எடுத்துட்டுப் போயிட்டா. அவ ஊரு ஒரு நாள் ரயில் தூரம்."

மைனஸ் அறுபத்தெட்டு.

 வேலையை முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ரவுட்டரில் இருந்தது மிகப் பழசு. புதியதை அதன் மேல் ஏற்றும்போது பழைய அமைப்புகளை வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்தால் ரவுட்டர் உயிரோடு எழாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போட வேண்டும். தடுப்பையும்தான்.

"அதுவரைக்கும் தடுப்பு இருக்காதா?"

"மூணு நிமிஷம்தான் சார்."

2:17. பொத்தானை அழுத்தினேன். கடைசியாகத் தெரிந்த எண் மைனஸ் ஐம்பத்தொன்று.

ரவுட்டர் விளக்குகள் அணைந்தன. ஒரு விளக்கு மட்டும் சிமிட்டியது. இந்த நேரத்தில் கரண்ட்டைப் பிடுங்கினால் ரவுட்டர் செத்துவிடும். பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை.

சமையலறைப் பக்கம் ஒரு சத்தம்... விசில் மாதிரி. மெல்லிசாக. இழுத்து இழுத்து...

2:20. விளக்குகள் நின்று எரிந்தன. புது மென்பொருள். வைஃபை பூட்டில்லாமல் திறந்து கிடந்தது. தடுப்புப் பட்டியல் காலி.

ஒரு போன் இணைந்திருந்தது.

அவளுடையது.

மைனஸ் பத்தொன்பது.

அப்படியென்றால் போன் ரவுட்டரை ஒட்டி இருக்க வேண்டும். நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

கீழே நாற்காலியில் அவர்... நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். விசில் சத்தம் இப்போது அவர் தொண்டையிலிருந்து வந்தது. அவருக்கு அந்த வியாதி கிடையாது.

தூக்கப் பார்த்தேன். கல்லாய்க் கனத்தார். வாசலுக்கு ஓடினேன். கேட் அருகில் சிக்னல் கிடைத்தது. ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினேன். மணி 2:26.

ஒரு பெண் எடுத்தாள். நிதானமான குரல்.

"யாருக்கு மூச்சு விட முடியல?"

சொன்னேன்.

"வீட்டுல மருந்து இருக்கா?"

"மருந்துக்கடையே அவருதுங்க! சீக்கிரம் வாங்க!"

"உள்ள இருந்து போன் பண்ண முடியாதா?"

"சிக்னல் வராதுங்க..."

"கஷ்டம்தான்" என்றாள்.  "நீங்க அங்கேயே நில்லுங்க. உள்ள போகாதீங்க."

நின்றேன். உச்சி வெயிலில் பல் கிட்டியது. அந்தப் பக்கம் அவள் போனை வைக்கவே இல்லை. 2:30க்குத்தான் லைன் கட்டானது.

ஆம்புலன்ஸ் வரவில்லை. எதிர்வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனபோது அவர் போய்ச் சேர்ந்திருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

பன்னிரண்டாம் நாள் அவளுடைய அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பழைய போன்.

"ஒன்றரை வருஷமா பீரோல பூட்டியே வச்சிருந்தேன். அவன் செத்த சேதி வந்ததும்தான் சார்ஜ் போட்டேன். என் தங்கச்சி செத்த அன்னைக்கு மதியம், ரெண்டு பத்துல இருந்து பதினேழு தடவை கூப்பிட்டிருக்கா. ஒண்ணும் போகல. பதினேழும் உங்க நம்பருக்கு."

 "எனக்கு ஒரு கால்கூட வரலம்மா..."

"எப்படி வரும்? நீங்கதானே நிறுத்தி வச்சீங்க." திரையை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார். "ஆனா இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை, ரெண்டு இருபத்தாறு. நீங்க இவளைக் கூப்பிட்டிருக்கீங்க. எடுத்திருக்கா. நாலு நிமிஷம். உங்ககிட்ட என்ன பேசினா என் தங்கச்சி?"